ஊரிலிருந்து வருபவர்களுக்கு எதைக் காட்டுவது?

ஊரிலிருந்து உறவினர் வருகிறார்கள் என்று தெரிந்ததும் சிங்கப்பூரில் வாழும் நமக்கு இரண்டு வேலைகள் வந்து சேர்கின்றன. ஒன்று, வீட்டைத் துப்புரவாக்குவது. மற்றொன்று, அவர்களை எங்கெங்கே அழைத்துச் செல்வது என்று பட்டியல் போடுவது. முன்னதை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். பின்னதில்தான் பலரும் தடுமாறுகிறோம். ஆண்டுக்கு ஒரு முறையாவது யாரேனும் எனக்குத் தொலைபேசியில் அழைத்து, "டீச்சர், மாமனார் மாமியார் வருகிறார்கள், மூன்று நாள் இருப்பார்கள், எங்கே கூட்டிக்கொண்டு போவது?" என்று கேட்பதுண்டு. மாணவர்களைக் கற்றல் பயணங்களுக்கு அழைத்துச் செல்பவள் என்பதால் எனக்கு எல்லா இடமும் தெரியும் என்ற நம்பிக்கை போலும். நானும் சளைக்காமல் பதில் சொல்லி வந்தேன். சென்ற டிசம்பர் வரைக்கும்.

டிசம்பர் கடைசி வாரத்தில் என் அத்தை வந்தார். அப்பாவின் உடன்பிறந்த அக்காள். எழுபத்தைந்து வயது. தேவகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா உயிரோடு இருந்தவரை எத்தனையோ முறை பயணச்சீட்டு அனுப்புவதாகச் சொல்லியும் வர மறுத்தவர். அப்பா மறைந்து நான்காண்டுகளுக்குப் பிறகு, அரையாண்டு விடுமுறைக்கு மகனும் பேத்தியும் புறப்பட்டபோது, "நானும் வர்றேன்" என்று தாமே சொன்னாராம். அத்தானுக்கே வியப்பு.

திருச்சியிலிருந்து நேரடி விமானம். நான்கு மணி நேரப் பயணம். என் தாத்தா நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலேறிப் பல நாள் கடலில் கிடந்து வந்த ஊர் இது.

சாங்கி விமான நிலையத்திலிருந்து வாடகை வண்டியில் வரும்போதே அத்தான் தம் கைப்பேசியில் இருந்த பட்டியலை வாசித்துக் காட்டினார். மெர்லயன், யூனிவர்சல் ஸ்டூடியோஸ், இரவு விலங்குத் தோட்டம், முஸ்தஃபா, கரையோரப் பூந்தோட்டங்கள், மீண்டும் முஸ்தஃபா. (இரண்டு முறை எழுதியிருந்தது தவறுதலாக அன்று. முதல் முறை விலை பார்க்க, இரண்டாம் முறை வாங்க.) பேத்திக்குப் பதினொரு வயது. அவளுக்கு யூனிவர்சல் ஸ்டூடியோஸ் தவிர வேறெதுவும் காதில் விழவில்லை. அத்தை மட்டும் சாலையோர மரங்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"உங்களுக்கு எதைப் பார்க்க வேண்டும் அத்தை?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன ஆத்தா. சீனவுக ஊரு. இதுல நமக்குப் பார்க்க என்ன இருக்கப்போகுது? நீ எங்க கூட்டிப்போனாலும் சரி" என்றார்.

அத்தை சொன்னதில் பாதி உண்மை. சிங்கப்பூர்வாசிகளில் ஏறத்தாழ நான்கில் மூவர் சீனர். இந்தியர் நூற்றுக்கு ஒன்பது பேர். தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று, இரயில் நிலையத்தில் தமிழ்ப் பெயர்ப்பலகை இருக்கிறது என்பதையெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஆனாலும் முதன்முறை வருபவர் கண்ணுக்கு இது ஒரு பெரிய சீன நகரந்தான். அதனால்தானோ என்னவோ, நம்மவர்களை நாம் இரண்டே வகையாகச் சுற்றிக் காட்டுகிறோம். ஒன்று, "நம்ம ஏரியா" என்று சிராங்கூன் சாலை. இன்னொன்று, உலகத்தில் எந்தப் பணக்கார ஊரிலும் பார்க்கக்கூடிய விளக்கும் கண்ணாடியும். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள நகரத்தை யாரும் காட்டுவதில்லை. நானும் என் அட்டவணையில் அதைப் பெரிதாகச் சேர்த்ததில்லை.

அட்டவணை என்றது விளையாட்டுக்கன்று. உண்மையிலேயே போட்டிருந்தேன். காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை, அரை மணிக்கு ஒரு கட்டம், மழை வந்தால் மாற்று ஏற்பாடு என்று. தேசியக் கல்விக் கழகத்தில் பயிற்சி பெற்ற காலத்தில் எந்தப் பயணத்துக்கும் முதலில் நோக்கத்தை எழுது என்று பழக்கினார்கள். அத்தையின் வருகைக்கு நான் எழுதியிருந்த நோக்கம், 'மூன்று தலைமுறையினருக்கும் மகிழ்ச்சி'. இப்போது படித்தால் சிரிப்பு வருகிறது.

முதல் நாள் லிட்டில் இந்தியா. காலை எட்டு மணிக்குத் தேக்காவில் தொடங்குங்கள் என்பதே எவருக்கும் என் பரிந்துரை. பத்து மணிக்கு மேல் போனால் வெயிலும் கூட்டமும் சேர்ந்து முதியவர்களைச் சோர்வாக்கிவிடும். தேக்கா நிலையத்தின் உணவங்காடியில் ஆப்பமோ பரோட்டாவோ சாப்பிட்டுவிட்டு, அப்படியே ஈரச்சந்தைக்குள் நுழையலாம். வாழைப்பூவும் முருங்கைக் கீரையும் விற்கும் கடைக்கு நாலடி தள்ளிச் சீனப் பெண்மணி ஒருவர் கடல்நண்டு விற்பார். ஊரிலிருந்து வருபவர்களுக்கு இந்தச் சந்தை அருங்காட்சியகத்தை விடப் பிடிக்கும். அத்தை கறிவேப்பிலையின் விலையைக் கேட்டு, அதை ரூபாயாக மாற்றச் சொல்லி, அதிர்ந்து, அதன் பிறகு எதையும் விலை கேட்கவில்லை.

தேக்கா என்ற பெயரே தமிழன்று. ஹொக்கியன் சீனத்தில் 'சிறு மூங்கில்களின் அடியில்' என்று பொருள்படும் சொல்லின் திரிபு. பக்கத்தில் இரண்டு தெருக்கள் இருக்கின்றன. ஒன்று பஃபலோ ரோடு, மற்றொன்று கெர்பாவ் ரோடு. கெர்பாவ் என்றால் மலாயில் எருமை. ஆகவே இரண்டுமே எருமைத் தெருதான்! மாட்டு வணிகம் கொழித்த வட்டாரம் என்பதற்கு இன்று எஞ்சியிருக்கும் சான்று இந்தப் பெயர்கள் மட்டுமே. கெர்பாவ் சாலையில் 1900இல் டான் டெங் நியா என்னும் சீன வணிகர் கட்டிய வீடு, வானவில்லைக் கரைத்து ஊற்றியது போன்ற நிறங்களோடு நிற்கிறது. மிட்டாய் உற்பத்தி செய்தவர். லிட்டில் இந்தியாவில் எஞ்சியுள்ள கடைசிச் சீன மாளிகை அது. எல்லோரும் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அது யாருடைய வீடு என்று கேட்பவர்கள் குறைவு. பேத்தி இருபது படம் எடுத்தாள். "நம்ம ஏரியாவில சீனன் வீடா?" என்று அத்தான் கேட்டார். நாளைக்குச் சீனர் வட்டாரத்தில் நம்முடைய கோயிலைக் காட்டுகிறேன் என்றேன்.

வீரமாகாளியம்மன் கோயிலில் உச்சிப் பூசை பார்த்துவிட்டு, கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்துக்குச் சென்றோம். 2015இல் திறந்தது. சுற்றுப்பயணிகளுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. அத்தான் தயங்கினார், நான் வற்புறுத்தினேன். மாணவர்களோடு எத்தனையோ முறை வந்த இடம். அங்கே செட்டிநாட்டு வீட்டின் மரநிலை ஒன்றை வைத்திருக்கிறார்கள். நுணுக்கமான சிற்ப வேலைப்பாடுகள். மாணவர்களிடம், இதில் எத்தனை தெய்வ உருவங்களைக் கண்டுபிடிக்கிறீர்கள் பார்க்கலாம் என்று போட்டி வைப்பது என் வழக்கம். வழக்கம்போல் பேத்தியிடமும் அதையே சொன்னேன்.

அத்தை உருவங்களைப் பார்க்கவில்லை. நிலைக்கு முன்னால் நின்றுகொண்டு, "இந்த மாதிரி வாசல் வழியா எங்கப்பா உள்ள போனதே இல்ல. கொல்லைப்பக்கமாத்தான் போவாரு" என்றார்.

தாத்தா சமையலாள். ஊரில் செட்டியார் வீட்டில் சமைத்தவர், அவர்கள் தயவால் சிங்கப்பூருக்கு வந்து, மார்க்கெட் தெருவில் ஒரு கிட்டங்கியில் சமைத்தார். இது எனக்குத் தெரிந்த செய்திதான். ஆனால் அத்தையின் வாயால் கேட்டபோது, இத்தனை ஆண்டுகளாக மாணவர்களுக்கு அந்த நிலையைக் காட்டிய நான் அதன் முன் ஒருமுறைகூடத் தாத்தாவை நினைத்ததில்லை என்பது உறைத்தது.

அன்றிரவு முஸ்தஃபா. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கும். தைலமும் சாக்லேட்டும் பயணப்பெட்டியும் வாங்காமல் தமிழ்நாட்டுக்காரர் எவரும் வெளியே வந்ததாகச் சான்றில்லை. கடைக்கு வெளியே நடைபாதையில் அத்தையும் நானும் காத்திருந்தபோதுதான் வேறொரு விதமாகக் கேட்டுப் பார்த்தேன். எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்காமல், "சின்ன வயதில் சிங்கப்பூர் என்றால் வீட்டில் என்ன பேசிக்கொள்வார்கள்?" என்று கேட்டேன்.

அத்தை ஒரு முகவரியை ஒப்பித்தார். நான்கு எழுத்துகள் கொண்ட ஒரு செட்டியார் விலாசம், அதன் பிறகு கதவு எண், மார்க்கெட் தெரு, சிங்கப்பூர். மூச்சு விடாமல், வாய்ப்பாடு சொல்லும் பிள்ளையைப் போல. "அறுபத்தஞ்சு வருசத்துக்கு மேல ஆச்சு. இன்னும் மறக்கல. நாந்தானே எழுதுவேன்" என்றார்.

அத்தைக்கு அப்போது பத்து வயது. பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மாதம் ஒரு வான்கடிதம். பாட்டி சொல்லச் சொல்ல அத்தை எழுதுவார்.

என் அட்டவணையை அன்றிரவே கிழித்தேன். மறுநாள் அத்தானும் மகளும் செந்தோசாவுக்குப் போகட்டும். அத்தையை நான் தனியே அழைத்துச் செல்கிறேன் என்று முடிவாயிற்று. முதியவர்களைக் கேளிக்கைப் பூங்காவில் நாள் முழுவதும் ஒரு விசிப்பலகையில் உட்கார வைத்துப் பை காவல் காக்கச் சொல்வது நாம் செய்யும் பெரிய கொடுமைகளுள் ஒன்று. நுழைவுச்சீட்டுக் காசும் மிச்சம்.

அன்று நாங்கள் சென்ற வழியை விவரமாகவே எழுதுகிறேன். முழங்கால் வலி உள்ளவரும் நடக்கக்கூடிய வழி; காசு அதிகம் ஆகாது. இடையிடையே உட்கார இடமுண்டு. குடை கட்டாயம் வேண்டும், டிசம்பரில் பிற்பகல் மழை உறுதி.

லிட்டில் இந்தியாவிலிருந்து பெருவிரைவு இரயிலில் மூன்றே நிறுத்தம் தள்ளிச் சைனாடவுன். பகோடா தெரு வழியாக மேலேறி நடந்தால் முனையில் மாரியம்மன் கோயில். 1827இல் நாராயண பிள்ளை எழுப்பியது. ராஃபிள்சோடு 1819இல் பினாங்கிலிருந்து வந்தவர் அவர். அந்தத் தெருவுக்குப் பகோடா என்று பெயர் வந்ததே நம் கோயிலின் கோபுரத்தால்தான். சீன வட்டாரத்தின் நடுத்தெரு ஒரு தமிழ்க் கோபுரத்தின் பெயரைத் தாங்கியிருப்பதை அத்தையிடம் சொன்னபோது, "அப்படியா சேதி" என்று நிமிர்ந்து பார்த்தார். ஐப்பசியில் தீமிதி நடக்கும் இடத்தையும் காட்டினேன். சில கட்டடங்கள் தள்ளி ஜாமிஆ பள்ளிவாசல். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் 1826இல் நிறுவியது. வணங்க வந்த சீனப் பெண் ஒருவர் கைகூப்பி நின்றதை அத்தை கண்கொட்டாமல் பார்த்தார். அர்ச்சனைத் தட்டை அவர் பிடித்திருந்த விதத்தில் ஒரு குறையும் காண முடியவில்லையாம்.

அங்கிருந்து மெல்ல நடந்து தெலுக் ஆயர் தெரு. இன்று நாற்புறமும் வானுயர் கட்டடங்கள் சூழ்ந்திருக்கும் இந்தத் தெருதான் ஒரு காலத்தில் கடற்கரை. பெயரிலேயே 'தெலுக்', வளைகுடா, இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடலைத் தூர்த்த பிறகே கரை தள்ளிப் போயிற்று. கப்பலைவிட்டு இறங்கியவர்கள் முதலில் கால் வைத்த இடம். உயிரோடு வந்து சேர்ந்ததற்கு நன்றி சொல்ல வேண்டுமல்லவா? சீனர்கள் கடல் தெய்வமான மாசூவுக்கு வணக்கம் சொன்னார்கள். 1839 முதல் 1842 வரை கட்டிய தியான் ஹொக் கெங் கோயில் அவளுக்குரியது. தமிழ் முஸ்லிம்கள் நாகூர் ஆண்டவரை நினைத்தார்கள். 1828க்கும் 1830க்கும் இடையில் எழுந்த நாகூர் தர்கா அதே வரிசையில், ஒரு நிமிட நடையில் இருக்கிறது. இன்னும் சற்றுத் தள்ளி அல் அப்ரார் பள்ளிவாசல். தொடக்கத்தில் குடிசையாக இருந்ததால் தமிழர் அதைக் 'குச்சுப் பள்ளி' என்றே அழைத்தார்கள். யாராவது என்னிடம், சிங்கப்பூரில் ஒரே ஒரு தெருவைக் காட்டுங்கள் என்று கேட்டால் இந்தத் தெருவைத்தான் காட்டுவேன்.

நாகூர் தர்கா என்றதும் அத்தை செருப்பைக் கழற்றினார். சொந்த ஊரிலிருந்து நாகூருக்கு நேர்ந்துகொண்டு போன கதையைச் சொன்னார். தாத்தா கப்பலேறிய நாளில் பாட்டியும் அத்தையும் நாகப்பட்டினம் வரை சென்று, வழியனுப்பிவிட்டு நாகூர் தர்காவில் ஒரு இரவு தங்கினார்களாம். எங்கள் குடும்பத்தில் யாரும் எனக்குச் சொல்லாத செய்தி. சீனக் கோயிலுக்குள்ளும் வந்தார். கூப்பிய கை, "யாரு தாயீ நீ?" என்ற கேள்வி. கடலில் போகிறவர்களைக் காப்பவள் என்றேன். "அப்ப நம்மவதான்" என்று விழுந்து கும்பிட்டார்.

(நேரம் இருப்பவர்கள் வேறொரு நாள் சிட்டி ஹால் நிலையத்தருகே செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தையும் பார்க்கலாம். 1862இல் திருநிலைப்படுத்தப்பட்ட அக்கட்டடத்தை எழுப்பியவர்கள் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்டுக் கொண்டுவரப்பட்ட கைதிகள். உட்சுவரின் வெண்பூச்சு 'மதராஸ் சுண்ணம்': சுண்ணாம்பு, முட்டை வெண்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய நீர். பூமலைக்குப் போகிறவர்கள் ஆர்க்கிட் மலர்களோடு நின்றுவிடாமல் ரப்பர் மரங்களையும் விசாரியுங்கள். 1877இல் அங்கே வந்த கன்றுகளும், 1888இல் பொறுப்பேற்ற ரிட்லி கண்டறிந்த பால்வெட்டு முறையும் இல்லையென்றால் மலாயாத் தோட்டங்களுக்கு அத்தனை தமிழர் வந்திருக்க மாட்டார்கள். நுழைவு இலவசம்.)

தெலுக் ஆயரிலிருந்து மார்க்கெட் தெருவுக்குப் பத்து நிமிடம். அத்தையின் நடைக்கு இருபத்தைந்து நிமிடம். எனக்கு உள்ளூர ஒரு பயம். அங்கே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதாவது, ஒன்றுமில்லை என்று தெரியும்.

தமிழர் வாயில் செட்டித் தெருவாக வழங்கிய தெரு அது. வரிசையாகக் கிட்டங்கிகள். ஒரு நீண்ட கூடம். அதில் பல விலாசத்துச் செட்டியார்களும் ஆளுக்கு ஓரிடம் வாடகைக்குப் பிடித்து, ஒரு கைப்பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு, பாயில் சம்மணமிட்டு அமர்ந்து வட்டிக்கடை நடத்துவார்கள். பகலில் அலுவலகம், இரவில் அதே இடத்தில் படுக்கை. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன், சமையலாள் என்று வரிசை. முகவராக வருபவர் மூன்றாண்டுக் கணக்கில் வந்து, கணக்கை முடித்துவிட்டே ஊர் திரும்புவார். குடும்பத்தை அழைத்து வருவதில்லை. தாத்தா விடியற்காலை எழுந்து அத்தனை பேருக்கும் சமைத்திருக்கிறார். 1970களில் நகர மறுசீரமைப்பில் அந்தக் கட்டடங்கள் போய்விட்டன. இன்று அங்கே வங்கிகளும் கண்ணாடிக் கோபுரங்களும்.

"எது ஆத்தா?" என்று அத்தை கேட்டார். பெயர்ப்பலகையைக் காட்டினேன். "தெரு இதுதான் அத்தை. வீடு இல்லை." கதவு எண்ணைத் தேடுவதுபோல் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே நடந்தார். மதிய உணவுக்கு வந்த அலுவலகக் கூட்டம் எங்களை ஒதுக்கிக்கொண்டு ஓடியது.

280 மீட்டர் உயரமுள்ள கேப்பிட்டாஸ்பிரிங் கட்டடம் 2021இல் அந்தத் தெருவில் எழுந்தது. அதன் கீழ்த்தளங்களில் ஓர் உணவங்காடி நிலையம் இருக்கிறது. பெயர் மார்க்கெட் ஸ்திரீட் உணவங்காடி நிலையம். கயா ரொட்டியும் காப்பியும் வாங்கி உட்கார்ந்தோம். கடைகளுக்குள்ளே வேர்த்து விறுவிறுத்துச் சமைத்துக்கொண்டிருந்த சீன முதியவர்களை அத்தை வெகுநேரம் பார்த்தார். "இந்தத் தெருவில இன்னும் சமையல் நடக்குது" என்றார். அதற்கு நான் என்ன சொல்வது?

அதே கட்டடத்தின் ஐம்பத்தோராம் தளத்தில் ஒரு வான்தோட்டம் உண்டு. வார நாட்களில் குறிப்பிட்ட நேரங்களில் பொதுமக்களை விடுகிறார்கள், கட்டணம் கிடையாது. புறப்படுமுன் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. பணம் கொடுத்துப் பார்க்கும் உச்சிமாடிகளுக்கு அது ஒன்றும் குறைந்ததன்று. மேலே கத்தரியும் மிளகாயுமாகத் தோட்டம் போட்டிருக்கிறார்கள். கப்பல்கள் புள்ளி புள்ளியாய் நிற்கும் கடல் தெரிந்தது. எல்லாச் சுற்றுப்பயணிகளும் கடலைப் படம் பிடிக்க, அத்தை கீழே தெருவையே பார்த்தார். பிறகு, "தபாலாபீசு எங்க இருந்துச்சு?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இருந்தது. இடிக்கப்படாத பதில். சிங்கப்பூரின் தலைமை அஞ்சலகம் 1928 முதல் 1996 வரை ஃபுல்லர்ட்டன் கட்டடத்தில்தான் இயங்கியது. வெளிநாட்டிலிருந்து வந்த கடிதங்களெல்லாம் அங்கே வந்துதான் பிரிந்து போயிருக்கும். 2001 முதல் அது ஆடம்பர விடுதி. ஆற்றின் முகத்துவாரத்தில் பெரிய தூண்களோடு அப்படியே நிற்கிறது. மெர்லயனுக்கு எதிரில். மெர்லயனைப் படம் எடுப்பவர்கள் அத்தனை பேரும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்கிறார்கள்.

மழை தூறி நின்றிருந்தது. தூண்கள் தெரியும்படி ஆற்றோரம் ஒரு பலகையில் உட்கார்ந்தோம். அத்தை சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, யாரிடமோ கணக்கு ஒப்படைப்பவரைப் போலச் சொன்னார்.

பாட்டிக்கு 1959இல் இருமல் கண்டது. சளியில் இரத்தம் வர ஆரம்பித்தது. மாதாமாதம் கடிதம் எழுத உட்காரும்போது, "இவ்விடம் யாவரும் சுகம்னு எழுது" என்பாராம் பாட்டி. கணக்கு முடிய இன்னும் ஒரு வருடம் இருக்கிறது, இடையில் வந்தால் வேலை போய்விடும், சம்பளம் போய்விடும் என்று. அத்தையும் அப்படியே எழுதினார். எட்டுக் கடிதங்கள். எண்ணிக்கை நினைவிருக்கிறது. ஒன்பதாம் முறை எழுதத் தேவை இல்லாமல் போயிற்று. 1960 தை மாதம் பாட்டி இறந்துவிட்டார். தந்தி போயிற்று. தாத்தா ஊர் வந்து சேர்ந்தபோது பதினாறாம் நாள் காரியமும் முடிந்திருந்தது.

"எங்கப்பா என்னைய ஒரு வார்த்தை கேக்கல ஆத்தா. அடிச்சிருந்தாக்கூடத் தேவலை. ரெண்டு வருசங்கழிச்சு வந்து தம்பிய மட்டும் கூட்டிக்கிட்டுப் போனாரு. என்னைய மாமன் வீட்டுல விட்டாரு. பொய் எழுதுனவளைக் கூட்டிட்டுப் போக வேணாம்னு நினைச்சிருப்பாரு."

பெண்பிள்ளையை அந்தக் கிட்டங்கியில் எங்கே வைத்திருக்க முடியும், அதனால்தான் விட்டுப் போயிருப்பார் என்று நான் சொன்னேன். அது உண்மையாகவும் இருக்கலாம். அத்தை கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. சற்று நேரங்கழித்து, "அந்தக் கடுதாசியெல்லாம் வச்சிருந்தாரா?" என்றார்.

வைத்திருந்தார். தாத்தா 1991இல் இறக்கும் வரை எங்களோடுதான் இருந்தார். அவர் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப்பெட்டி. அதில் நீலநிறத் தாள்கள் ஒரு கட்டாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். நாங்கள் வீடு மாறியபோது பழைய சாமான்களோடு அந்தப் பெட்டியையும் கழித்துக் கட்டினோம். துருப்பிடித்த பெட்டியைக் குப்பைத் தொட்டிவரை தூக்கிப் போனவள் பள்ளிச் சிறுமியான நான். இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். 'தெரியவில்லை அத்தை' என்று முடித்திருக்கலாம். அந்தத் தூண்களைப் பார்த்துக்கொண்டு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னேன்.

அத்தை என் கையைத் தட்டிக் கொடுத்தார். "நல்லதாப் போச்சு. பொய்க் கடுதாசி தானே."

ஆறரை மணிக்கு அத்தானும் பேத்தியும் வந்து சேர்ந்தார்கள். பேத்தியின் தலையில் பொம்மைக் காது. எல்லோரும் மெர்லயன் முன் நின்றோம். 8.6 மீட்டர் உயரம், 1972இல் வைத்தது, தாத்தா வந்த காலத்தில் இது கிடையாது என்று நான் ஆரம்பிக்க, "சித்தி, போதும்" என்று பேத்தி சிரித்தாள். அத்தானின் கைப்பேசியில் எடுத்த படத்தில் எங்கள் மூவருக்கும் பின்னால் சிங்கம் நீரைக் கொட்டுகிறது. அத்தை மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பி நிற்கிறார். "பாட்டி, உனக்கு இங்க எது ரொம்பப் பிடிச்சது?" என்று பேத்தி கேட்டாள்.

"தபாலாபீசு."

"அம்மா, அது ஓட்டல்" என்றார் அத்தான்.

அப்படியே நடந்து கரையோரப் பூந்தோட்டங்களுக்குப் போய், இரவு 8.45 மணி ஒளிக்காட்சியைப் பார்த்தோம். வெளித்தோட்டத்துக்கும் ஒளிக்காட்சிக்கும் கட்டணம் இல்லை. தரையில் படுத்துப் பார்ப்பதே சிறந்த முறை. அத்தை படுத்ததும் உறங்கிவிட்டார்.

மூன்றாம் நாள் மீண்டும் முஸ்தஃபா, பிறகு விமான நிலையம். புறப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் முன்னதாகவே போய், ஜுவலில் 40 மீட்டர் உயரத்திலிருந்து விழும் செயற்கை அருவியைக் காட்டுங்கள். பிள்ளைகள் குற்றாலத்தை மறந்துவிடுவார்கள். உள்ளே நுழையுமுன் அத்தை என்னைத் தனியே அழைத்தார். "போன்ல பேசுறது சரி. எனக்கு ஒரு கடுதாசி போடு. இங்க எல்லாரும் சுகம்னு மட்டும் எழுதி அனுப்பிடாத."

பள்ளி திறந்து ஆறு வாரமாகிறது. நேற்று இரவுதான் எழுத உட்கார்ந்தேன். தாளில் கை தானாகவே 'நலம், நலமறிய ஆவல்' என்று எழுதிவிட்டது. ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு நானே கரும்பலகையில் எழுதிப்போடும் தொடர். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, இந்த ஆண்டு பள்ளியில் எனக்கு நேர்ந்திருக்கும் தொல்லையிலிருந்து தொடங்கினேன். இரண்டு பக்கம் வந்திருக்கிறது. இன்னும் முடியவில்லை.